யார் வீட்டுக் கட்டில் வின்டேஜ் ஆகிறது?

மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்றால், ஜேசிபி வருவதற்கு முன்னால் மீன்பாடி வண்டி வரும். ஆர்.கே. மட சாலைக்கு உள்ளடங்கிய தெருக்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். முதலில் பாத்திரங்கள் போகும், பிறகு புத்தகங்கள், கடைசியாகப் படுக்கையறை. கடைசல் பிடித்த கால்கள், வளைந்த தலைமாட்டுப் பலகை, நான்கு மூலையிலும் கொசுவலைக் கம்பம் செருகத் துளை என்று இரண்டு பேர் படுக்கும் தேக்குக் கட்டில். அதற்கு ஜோடியாக ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி, மூன்று மடிப்புக் கண்ணாடி வைத்த டிரெஸ்ஸிங் டேபிள். 1940-களிலும் 50-களிலும் கல்யாணத்துக்கென்று சொல்லிச் செய்யப்பட்டவை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். புதிய பிளாட்டின் வாசலில் இந்தக் கட்டில் நுழையாது. பழைய சாமான் வியாபாரி மொத்தமாக ஒரு விலை சொல்லி எடுத்துப்போய்விடுவார்.

சில மாதம் கழித்து அதே கட்டில் இன்ஸ்டாகிராமில் வரும். பெயர்கள் கூடியிருக்கும்: மிட் செஞ்சுரி, வின்டேஜ், பர்மா தேக்கு, ரெஸ்டோர்டு. கீழே ஒரு வரி இருக்கும்: மயிலாப்பூரின் பழைய குடும்பம் ஒன்றிலிருந்து வந்தது. விலையைக் கேட்டால் ஒரு தூய்மைப் பணியாளரின் பல மாதச் சம்பளம்.

நாங்கள் இந்தப் பகுதியின் குடியிருப்புகளில் சமூகப் பணி செய்கிறவர்கள். படிப்பை விட்ட பிள்ளைகள், குடிநீர், பட்டா, சாதிச் சான்றிதழ் என்று வீடு வீடாகப் போவதுதான் எங்கள் வேலை. மரச்சாமான் எங்கள் துறை இல்லை. ஆனால் நாங்கள் போகிற வீடுகளில் சிலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். மாடியிலிருந்து அலமாரியை இறக்குகிறவர், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், உப்புத்தாள் தேய்க்கிறவர், பாலீஷ் போடுகிறவர். பகலில் பிறர் வீட்டுக் கட்டிலை மெருகேற்றிவிட்டு இரவில் சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். ஒரு பொருளின் பழமைக்கு எப்போது மதிப்பு வருகிறது, யாருடைய பழமைக்கு வருகிறது என்ற கேள்வியை எங்களுக்குள் எழுப்பியவர்கள் அவர்கள்தான்.

இந்தக் கேள்விக்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1950-களில் சண்டிகர் நகரம் கட்டப்பட்டபோது, அதன் அலுவலகங்கள், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், மாணவர் விடுதிகள் எல்லாவற்றுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலி, மேசை, கட்டில் என்று ஆயிரக்கணக்கில் செய்தார்கள். வடிவமைப்பை நடத்தியவர் லெ கார்புசியேயின் உறவினரான பியர் ஜானரே. செய்து முடித்தவர்கள் உள்ளூர்த் தச்சர்கள். பின்னாளில் அவை உடைந்த அரசாங்கச் சாமான் ஆயின. மொட்டைமாடியிலும் கொல்லையிலும் குவிந்தன. கழிவாக ஏலம் போயின. அந்த ஏலத்தில் வெளிநாட்டு வியாபாரிகள் மலிவாக வாங்கினார்கள், பழுதுபார்த்தார்கள், பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் விற்றார்கள். ஒரு நாற்காலி பல லட்ச ரூபாய்க்குப் போனது. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டு அந்தச் சாமான்களை விற்கத் தடை போட்டது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. அந்த நாற்காலிகளின் முதுகில் எந்தத் துறை, எந்த விடுதி, எத்தனையாவது சாமான் என்று பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அரசாங்க இருப்புப் பதிவேட்டுக்காக எழுதிய எண் அது. இன்று ஏலக்கடையில் அந்த எண்தான் சாட்சி. அது அழியாமல் இருந்தால் மதிப்பு கூடும். ஆக, பழைய மரம் தானாக விலை பெறவில்லை. இது எங்கிருந்து வந்தது, யாரிடம் இருந்தது என்று சொல்லும் ஓர் எழுத்து கூடவே வந்ததால் விலை பெற்றது. மந்தைவெளிக் கட்டிலுக்கு ‘பழைய மயிலாப்பூர் குடும்பம்’ என்ற வரி செய்வதும் இதே வேலையைத்தான். அந்த வரியில் குடும்பத்தின் பெயரைச் சொல்லாமலே அதன் சாதியும் வர்க்கமும் வாங்குகிறவருக்குப் புரிந்துவிடுகிறது.

சரி, அந்த வரியில் இல்லாதவர்கள் யார்? கட்டிலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் மரம். பர்மா தேக்கு என்றால் இன்றும் ஒரு மரியாதை. அந்த மரம் கப்பலேறிய ரங்கூனில் துறைமுகச் சுமையைத் தூக்கியவர்களிலும், பர்மாவின் வயல்களில் அறுத்தவர்களிலும் பெருந்தொகையாக இருந்தவர்கள் தமிழ், தெலுங்கு உழைக்கும் மக்கள். 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை கடந்து நடந்தே திரும்பினார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1960-களில் மறுபடி ஓர் அலை திருப்பி அனுப்பப்பட்டது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் பிறந்தது அப்படித்தான். கட்டிலில் ‘பர்மா’ என்ற சொல் பெருமையாக நிற்கிறது. நடந்து வந்தவர்களை அந்தச் சொல் நினைவில் வைத்திருக்கவில்லை.

அடுத்தது மெருகு. பழைய கட்டிலின் அந்த ஆழமான பளபளப்பு அரக்கிலிருந்து வருவது. புரசு, இலந்தை போன்ற மரங்களில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சியின் பிசின்தான் அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளில் பழங்குடி மக்கள் கிளைகளிலிருந்து அதைச் சுரண்டிச் சேகரிக்கிறார்கள். அதை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சை வைத்துக் கட்டிய பந்தால் தொட்டுத் தொட்டு, ஒரு நாளைக்கு இத்தனை கை என்று பூசி, காயவிட்டு, மறுபடி தேய்த்து ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் நாற்பது ஐம்பது வருடத்துப் பழைய வார்னிஷையும், நடுவில் யாரோ அடித்த எனாமல் பெயிண்டையும் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தத் தூசு மூக்கிலும் நெஞ்சிலும்தான் போகும். முகத்தில் கட்டிக்கொள்ளத் துண்டு தவிர வேறு எதையும் எங்களுக்குத் தெரிந்த பட்டறைகளில் நாங்கள் பார்க்கவில்லை.

பாலீஷ் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் எங்களிடம் சொன்னார்: “நாங்க தொட்டதே தெரியக்கூடாதுக்கா. கை பட்ட தடம் தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க. தடம் தெரியாம இருந்தாதான் வேலை சுத்தம்னு அர்த்தம்.” அவர் தொழில் நுணுக்கத்தைத்தான் சொன்னார், அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. நமக்கு அந்த வாக்கியம் வேறு இடத்திலும் போய்த் தைக்கிறது.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாத ஒன்று. பசை. இன்று எந்தத் தச்சுப் பட்டறையிலும் வெள்ளை பெவிகால் டப்பா இருக்கும். அது சந்தைக்கு வந்தது 1959-இல். அதற்கு முன்னால் தச்சர்கள் பயன்படுத்தியது வச்சிரம், அதாவது தோல் பசை. மாட்டுத் தோலின் வெட்டுத் துண்டுகளையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. கட்டியாக வரும். தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் பூசிப் பொருத்த வேண்டும். நாற்றம் தாங்காது என்று வயதான ஆசாரிகள் சொல்வார்கள். அந்தக் காலத்துத் தலைமாட்டுப் பலகையின் இணைப்புகள், அலமாரிக் கதவின் சட்டங்கள், டிரெஸ்ஸிங் டேபிளின் இழுப்பறைகள் எல்லாம் பெரும்பாலும் இதில் ஒட்டியவை.

இந்தப் பசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சூடும் ஈரமும் பட்டால் இளகிக் கொடுக்கும். மரத்தை உடைக்காமல் பொருத்துகளைக் கழற்றலாம், சரிசெய்து மறுபடி ஒட்டலாம். இன்றைய பசையில் ஒட்டியதைப் பிரித்தால் மரம் பிய்ந்துகொண்டு வரும். ஐம்பதுகளின் கட்டிலை இன்று ‘ரெஸ்டோர்’ செய்வது இத்தனை எளிதாக இருப்பதற்கு அந்தத் தோல் பசையும் ஒரு காரணம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். செத்த மாட்டை அகற்றுவதும் தோலை உரிப்பதும் யார் தலையில் கட்டப்பட்ட வேலை? அந்த வேலையைக் காரணம் காட்டித்தானே நம் தாத்தா பாட்டிகளைத் தெருவுக்குள் வராதே என்றார்கள்? சென்னையில் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் தோல் தொழிற்சாலையால்தான். பெரியமேட்டில் தோல் வணிகம், பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஆலைகள் என்று இந்த நகரத்தின் பொருளாதாரத்தில் ஒரு பெரும்பகுதி தோலில் நின்றது. தோலைத் தொட்டவர் வாசலைத் தாண்டக்கூடாது. தோலைக் காய்ச்சிய பசையோ ஆச்சாரமான வீடுகளின் படுக்கையறை வரை போய், கல்யாணக் கட்டிலின் பொருத்துகளுக்குள் எழுபது வருடமாக இருக்கிறது. தீட்டு என்பது பொருளில் இல்லை, மனிதர்மேல் ஏற்றப்பட்டது என்பதற்கு இதைவிட எளிய பாடம் வகுப்பறையில் கிடைக்காது. சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கியது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். ஒரு கட்டிலைப் பிரித்துப் பார்த்தால் அந்த அடுக்கு அப்படியே தெரிகிறது.

கட்டிலைச் செய்த உழைப்பில் நாம் இருந்தோம். கட்டிலின்மேல் இருந்தோமா?

கட்டில் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் அது படுக்கை மட்டும் இல்லை, அதிகாரமும்கூட. அரசுகட்டில் என்றால் அரியணை. முரசை வைக்கும் கட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கிவிட்ட மோசிகீரனாருக்குச் சேர மன்னன் விசிறி வீசினான் என்பது புறநானூற்றுச் செய்தி. அதைத் தமிழின் பெருமையாகப் பாடம் நடத்துகிறார்கள். நடத்தட்டும். அந்த மண்ணிலேயே, ஊர்க்காரர் எதிரில் வந்தால் தன் வீட்டு வாசலில் கிடக்கும் தன் சொந்தக் கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்து நிற்க வேண்டியிருந்த கதையை நம்மில் எத்தனை பேர் பாட்டி வாயால் கேட்டிருக்கிறோம்? 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்தான் நாற்காலி. அந்த ஒன்றரை அடிக்காகத்தான் சண்டை.

இது பழக்கம் மட்டும் இல்லை, எழுதிப்போட்ட விதியாகவும் இருந்தது. 1930-31-இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மேல் தடைகளின் பட்டியல் ஒன்றை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் அதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை அணியக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, குடையும் செருப்பும் கூடாது, வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. கல்யாண ஊர்வலத்துக்குப் பல்லக்கு கூடாது, வீட்டுக் கதவைக் கழற்றி அதையே பல்லக்காகத் தூக்கிக்கொள்ளலாம். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அதே காலத்தில் குஜராத்தில் ஒரு கிராமத்தில் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காக நம் பெண்கள் தாக்கப்பட்டதை அண்ணல் எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் என்ன பொருள் இருக்கலாம் என்பதை வெளியே இருந்தவன் தீர்மானித்தான். மந்தைவெளியில் கடைசல் கால் கட்டில்கள் செய்யப்பட்டதற்குப் பத்து இருபது வருடம் முந்தைய கதை இது. நம் வீடுகளில் ‘மிட் செஞ்சுரி’ கட்டில் ஏன் இல்லை என்பதற்குப் பணமில்லை என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில் இங்கே இருக்கிறது.

பிறகு காலம் மாறியது, நாமும் வாங்கினோம். படித்து, வேலைக்குப் போய், கடல் கடந்து சம்பாதித்து வாங்கினோம். வாங்கிய பிறகு நடந்ததையும் மறக்கக்கூடாது.

1995 ஆகஸ்ட் 31. கொடியன்குளம். வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் சம்பாத்தியத்தால் நிமிர்ந்திருந்த தலித் கிராமம். நூற்றுக்கணக்கான போலீசார் உள்ளே புகுந்து டிவி, மின்விசிறி, டேப் ரிக்கார்டர், தையல் மெஷின், சைக்கிள் என்று ஒவ்வொன்றாக அடித்து நொறுக்கினார்கள். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழ்களையும் நெருப்பில் போட்டார்கள். குடிக்கிற கிணற்றில் நஞ்சைக் கலந்தார்கள். 2012 நவம்பர் 7. தர்மபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. சாதி மறுத்து நடந்த ஒரு திருமணத்தைக் காரணமாக்கி 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். பீரோவை உடைத்து நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு அதன் பிறகே தீ வைத்தார்கள் என்று மக்கள் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் தாக்கியவர்கள் குறிவைத்தது வீட்டுச் சாமானை. அந்தச் சாமான் வெறும் வசதி இல்லை, இரண்டு தலைமுறையின் நிமிர்வு என்பது அவர்களுக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது.

பீரோவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நம் கல்யாணங்களில் கட்டில், பீரோ, மெத்தை என்று சீர் கொடுப்பதை நாம் கண்டிக்கிறோம். அதற்காக வட்டிக்கு வாங்கி நொடித்துப் போன குடும்பங்களை வாராவாரம் சந்திக்கிறோம். வரதட்சணைக்கு எதிராகப் பேசுவதில் எந்தச் சமரசமும் வேண்டாம். ஆனால் அந்தப் பீரோ வீட்டுக்குள் வந்தபிறகு என்ன ஆகிறது என்றும் பாருங்கள். ஒற்றை அறை வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சொந்தமான, பூட்டி வைக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். சாவி அவள் இடுப்பில். உள்ளே லாக்கரில் இருப்பது பெரும்பாலும் நகை இல்லை. சாதிச் சான்றிதழ், டி.சி., மார்க் ஷீட், ரேஷன் கார்டு, ஒதுக்கீட்டு ஆணை, செத்துப்போனவரின் இறப்புச் சான்று. பிள்ளைகளின் உதவித்தொகையும் வேலையும் வீடும் அந்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. நம் மக்களின் ஆவணக் காப்பகம் எழும்பூரில் இல்லை, பீரோவில் இருக்கிறது. கொடியன்குளத்தில் சான்றிதழ்களை ஏன் தேடி எரித்தார்கள் என்பது இப்போது புரியும்.

இனி இந்த நகரத்துக்கு வருவோம். மந்தைவெளிக்குப் பக்கத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரம் பல பத்தாண்டுகள் வாழ்ந்த உழைக்கும் மக்களின் வீடுகள் 2022-இல் இடிக்கப்பட்டன. இடிப்பை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே மாற்று வீடு தருவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊருக்குள்ளேயே இடம் கொடுக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்ள வைக்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

இடிப்பு நாளில் சாமான்களுக்கு என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நேரம் கொடுக்கமாட்டார்கள். முதலில் பிள்ளைகள், பிறகு கேஸ் சிலிண்டர், பிறகு பீரோ. கட்டில் கடைசி. பல நேரம் அது உள்ளேயே நசுங்கிவிடும், இல்லையென்றால் நடுத்தெருவில் மழையில் நிற்கும். மிச்சமானதை ஏற்றிக்கொண்டு வெகுதூரம் தள்ளிப் போனாலும் வைக்க இடம் வேண்டுமே. கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. ஆறடிக்கு ஆறரை அடி இரட்டைக் கட்டில் ஒன்றைப் போட்டால் 39 சதுர அடி போய்விடும், வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து பேர் இருக்கிற வீட்டில் கட்டிலை விற்றுவிட்டுத் தரையில் படுப்பதுதான் கணக்குக்குச் சரியாக வரும். ஆக, மந்தைவெளியில் ஒரு வீடு இடிந்தால் கட்டில் ஷோரூமுக்குப் போகிறது. கால்வாய் ஓரத்தில் ஒரு வீடு இடிந்தால் கட்டில் காயலான் கடைக்குப் போகிறது.

நஷ்டக் கணக்கு எழுதும்போது இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஓர் இடிப்புக்குப் பிறகு நாங்கள் குடும்பங்களோடு உட்கார்ந்து, இழந்த பொருள்களின் பட்டியல் தயாரித்து ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். வாங்கிப் பார்த்தவர் கட்டில், பீரோ என்ற வரிகளில் பேனாவை நிறுத்திக் கேட்டார்: “எல்லாம் பழசுதானே? இதுக்கு என்ன மதிப்பு போடறது?” எங்களோடு வந்திருந்த பெரியம்மா விடவில்லை. “பழசுதாங்க சார். இருபத்தாறு வருஷம் வீட்டு வேலை செஞ்சு காப்பாத்தி வெச்ச பழசு” என்றார். அவர் வீட்டு வேலை செய்த தெருவில்தான், பழசு என்பதற்காகவே கட்டில்கள் விலை ஏறிக்கொண்டிருந்தன. ஒரே நகரம், ஒரே சொல். ஒரு வீட்டில் பழசு என்றால் மதிப்பு கூடுகிறது, இன்னொரு வீட்டில் பழசு என்றால் மதிப்பு கழிகிறது.

பழைய பொருளைப் பாதுகாப்பதற்கு நாம் எதிரிகள் இல்லை. நல்ல தேக்கைக் குப்பையில் போடாமல் மீட்டெடுப்பது நல்ல வேலை. காட்டுக்கும் நல்லது, கைத்தொழிலுக்கும் நல்லது. பாலீஷ் அண்ணனுக்கு அதில் சோறு இருக்கிறது. அவர் கேட்பது முகமூடி, நியாயமான கூலி, நெஞ்சு வலித்தால் ஈ.எஸ்.ஐ. நாம் கூடுதலாகக் கேட்பது, விற்கும் கட்டிலோடு போகிற அந்த வரியில் குடும்பத்தின் பெருமைக்குப் பக்கத்தில் மீட்டவரின் பெயரும் இருக்கட்டும் என்பது. ஓவியத்தைச் சரிசெய்தவருக்குப் பெயர் போடுகிறார்கள். கட்டிலுக்கு மட்டும் என்ன?

நம் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. இதை வாசிக்கிற மாணவத் தோழர்களுக்கு, குறிப்பாக சமூகவியலும் சமூகப் பணியும் படிக்கிறவர்களுக்கு மூன்று வேலைகள்.

ஒன்று, உங்கள் வீட்டில் தொடங்குங்கள். முதல் கட்டில் எந்த வருடம் வந்தது? யார் வாங்கினார்கள், எந்தப் பணத்தில்? அதில் முதலில் படுத்தது யார்? பெண்கள் எப்போது படுத்தார்கள்? டிரங்குப் பெட்டி, நாடாக் கட்டில், இரும்பு பீரோ, எது முதலில் வந்தது? பாட்டியிடம் கேட்டு அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள். சாதி பற்றி நேராகக் கேட்டால் மௌனமாகிவிடும் பெரியவர்கள், கட்டில் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். இது எங்கள் களப்பணியில் பலமுறை கண்டது.

இரண்டு, வெளியேற்ற அச்சம் உள்ள குடியிருப்புகளில், இடிப்பு வருவதற்கு முன்பே வீட்டுச் சாமான் பட்டியலை எடுங்கள். பொருள், எதனால் ஆனது, வாங்கிய வருடம், விலை, ரசீது இருந்தால் அதன் படம், பொருள் வீட்டுக்குள் இருக்கும் நிலையில் தேதியோடு ஒரு புகைப்படம். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து வீட்டுக்கு வெளியிலும் ஒரு பிரதி வையுங்கள். வன்கொடுமை வழக்குகளிலும் இது உதவும். எரிந்துபோன பிறகு நினைவிலிருந்து எழுதும் பட்டியலை எதிர்த்தரப்பு வக்கீல் எளிதாக உடைப்பார். முன்பே எடுத்த படத்தை உடைப்பது கடினம். சண்டிகர் நாற்காலிக்கு முதுகில் எழுதிய எண் செய்த வேலையை, நம் கட்டிலுக்கு இந்தப் பட்டியல் செய்யும்.

மூன்று, மறுகுடியமர்வு பற்றிய எந்தக் கூட்டத்திலும் வீட்டின் பரப்பளவைச் சதுர அடியில் மட்டும் பேசவிடாதீர்கள். இங்கே ஒரு கட்டில், ஒரு பீரோ, படிக்கிற பிள்ளைக்கு ஒரு மேசை போட்டால் நடக்க எவ்வளவு இடம் மிச்சம் என்று கேளுங்கள். அளவு நாடாவைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இந்த வேலையை நாங்கள் சில மாதமாகச் செய்துவருகிறோம். சேர்ந்த குறிப்புகளில் ஒன்றை மட்டும் இங்கே தருகிறோம். சொன்னவர் மந்தைவெளியில் வாழும் ஓர் அம்மா. எழுதியது பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தி.

“இரும்புக் கட்டில், ஒன்று. நாலுக்கு ஆறு. 1987. ஆயா வேலை செய்த நர்சிங் ஹோமில் கழித்துக் கட்டியதை நூற்றிருபது ரூபாய் கொடுத்து வாங்கி, தாத்தாவும் மாமாவும் தலையில் தூக்கி வந்தார்கள். பச்சை பெயிண்ட் அடித்தார்கள். அம்மா, சித்தி, மாமா, நான், தம்பி எல்லாரும் பிறந்து வந்து படுத்தது இதில்தான். ஒரு கால் மாற்றியிருக்கிறது. இப்போதும் நன்றாக இருக்கிறது. விற்பனைக்கு இல்லை.”

ஜெய்பீம்.